க்ரோஃபோர்ட் ஏரி நடையில் மூவர் வழி மாறிய நிகழ்வு: ஓர் ஆய்வு

ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வசிக்கும் ஈழத்தமிழ் முதியவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சேர்ந்த நடைக்குழு ஒன்று, அண்மைய ஆண்டொன்றின் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மில்டன் நகரை அடுத்துள்ள க்ரோஃபோர்ட் ஏரிக்குச் சென்றது. அன்று மாலை, 71 வயது மூதாட்டி ஒருவரும், அவருடைய 11 வயதுப் பேத்தியும், அயல்வீட்டுப் பெண் ஒருவரும் குழுவிலிருந்து பிரிந்து, இருட்டிய பின்னரே மீட்கப்பட்டனர். எவருக்கும் பெரிய பாதிப்பு நேரவில்லை. ஆயினும், மூதாட்டிக்கு இரத்தச் சர்க்கரை குறைந்த அந்த அரைமணி நேரம் வேறு விதமாகவும் முடிந்திருக்கலாம் என்பதால், நடந்ததை எழுத்தில் வைக்க வேண்டும் என்று குழுவின் செயற்குழு விரும்பியது.

நடையில் கலந்துகொள்ளாத ஒருவரே இதை எழுத வேண்டும் என்றும் செயற்குழு கருதியதால் இப்பணி என்னிடம் வந்தது. சம்பந்தப்பட்டவர்களுடன் தனித்தனியே பேசி, கைப்பேசிப் படங்களில் பதிவான நேரங்களையும் குறுஞ்செய்திகளையும் ஒப்பிட்டு நேரவரிசையை அமைத்திருக்கிறேன். மூதாட்டியும் பேத்தியின் பெற்றோரும் அயல்வீட்டுப் பெண்ணும் இதைப் படித்து இசைவு தந்த பின்னரே வெளியிடப்படுகிறது.

பின்னணி: கடைத்தொகுதியில் வளர்ந்த ஒரு பழக்கம்

இக்குழு காட்டுப் பாதைகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று. பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாத முதியவர்கள், ஸ்காபரோவில் உள்ள ஒரு பெரிய கடைத்தொகுதிக்குள் காலையில் கூடி நடப்பதில் இருந்தே இது உருவானது. அங்கே கடைகள் திறக்கும் முன் உள்வீதிகள் நடப்போருக்குத் திறந்திருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் இரண்டு மூன்று சுற்றுகள் வந்து, உணவுக் கூடத்தில் உள்ள கோப்பிக் கடையின் முன் மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முன்னே போனவர் யார், பின்னே வருபவர் யார் என்று எவரும் எண்ணுவதில்லை. எண்ணத் தேவையும் இல்லை. யாராவது வரத் தாமதித்தால் அவர் மருந்துக் கடையில் நிற்கிறார் என்று பொருள்.

ஆண்டுக்கு ஓரிரு முறை, கோடையிலோ இலையுதிர்காலத்திலோ, குழு பூங்காக்களுக்கும் போவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை நகர்ப்புறத்துப் பூங்காக்கள். ஒழுங்கமைப்பாளராக இருந்தவர் 58 வயதுடையவர், உடல் உறுதி மிக்கவர், குழுவை எட்டு ஆண்டுகளாக நடத்தி வருபவர். அவர் கவனக்குறைவானவர் என்று இந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. நிகழ்வின் வேர் தனியொருவரின் அசட்டையில் இல்லை. கடைத்தொகுதியில் ஆண்டுக்கணக்காகச் சரியாக இயங்கிய ஒரு வழக்கம் காட்டுக்குள் அப்படியே எடுத்துச் செல்லப்பட்டதில்தான் அது இருக்கிறது.

இடம்

க்ரோஃபோர்ட் ஏரி, நயாகரா எஸ்கார்ப்மென்ட் எனப்படும் செங்குத்துப் பாறைத்தொடரின் மேல் அமைந்த சிறிய ஏரி. பரப்பு ஏறத்தாழ 2.4 ஹெக்டேயர்தான், ஆழமோ 20 மீற்றருக்கும் மேல். பரப்புக்கு ஒவ்வாத இந்த ஆழத்தால் அடியில் உள்ள நீர் மேல்நீரோடு கலப்பதில்லை. எனவே அடித்தட்டில் ஆண்டுதோறும் படியும் வண்டல், மரத்தின் வளையங்களைப் போல, படலம் படலமாகக் குலையாமல் கிடக்கிறது. அந்த வண்டலில் சோள மகரந்தம் கிடைத்ததைத் தொடர்ந்தே அருகில் பூர்வகுடியினரின் பழைய ஊர் ஒன்று இருந்தது கண்டறியப்பட்டு, 1970களில் அகழாய்வு நடந்தது. இன்று அங்கே மீளக் கட்டப்பட்ட நீள்வீடுகள் நிற்கின்றன. மனிதச் செயல்களே புவியின் போக்கை மாற்றும் புதிய காலகட்டம் ஒன்றை வரையறுப்பதற்கான சான்றிடமாக 2023 ஜூலையில் இந்த ஏரி முன்மொழியப்பட்டதும், 2024இல் அந்த முன்மொழிவு புவியியலாளர்களின் வாக்கெடுப்பில் தோற்றதும் செய்திகளில் பரவலாக வந்தவை. குழுவின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டே இடத்தைப் பரிந்துரைத்தார்.

இந்த நிகழ்வுக்கு முக்கியமானது வேறொன்று. ஏரியில் இறங்கவோ நீந்தவோ அனுமதி இல்லை. கரையின் மண் மிதிபட்டுக் கெடாதிருக்க, ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 1.4 கிலோமீற்றருக்கு மரப்பலகை நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. அதில் ஏறியவர் எந்தத் திசையில் நடந்தாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வார். ஆனால் அந்தப் பூங்காவின் மற்றப் பாதைகள் எல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. ஒன்ராறியோவின் தெற்கே குவீன்ஸ்ரனில் தொடங்கி வடக்கே டோபர்மோரி வரை ஏறத்தாழ 900 கிலோமீற்றர் செல்லும் புரூஸ் ட்ரெயில் இந்தப் பூங்காவினூடாகவும் போகிறது. அதன் பிரதான பாதைக்கு வெள்ளைக் குறி, பக்கப் பாதைகளுக்கு நீலக் குறி. மரத்தில் உள்ளங்கை நீளத்துக்குச் செங்குத்தாகப் பூசப்பட்ட வண்ணப் பட்டை அது. பூங்காவின் சொந்தச் சுற்றுப்பாதைகள் சில இடங்களில் இந்த நெடும்பாதையோடு ஒன்றாக ஓடிப் பின்னர் பிரிகின்றன. ஏரிப் பக்கத்திலிருந்து நாசகவேயா பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபுறம் ராட்டில்ஸ்நேக் பாயின்ட் வரை செல்லவும் பாதை உண்டு. (அந்தப் பெயரைக் கேட்டு அன்று சிலர் அஞ்சியதால் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒன்ராறியோவில் எஞ்சியுள்ள ஒரே கிலுகிலுப்பைப் பாம்பினம் அந்தப் பகுதியில் இப்போது இல்லை.)

அன்றைய நாள்

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னே நகர்த்தப்படுகிறது. முதல் நாள் மாலை ஆறு மணியைத் தாண்டி மறைந்த சூரியன், அன்று ஐந்து மணியைச் சற்றே தாண்டியதும் மறைந்துவிடும். நடைக்கு முன் குழுவினருக்கு அனுப்பப்பட்ட செய்தியில் கடிகார மாற்றம் குறிப்பிடப்பட்டிருந்தது, ஆனால் அது "ஒரு மணிநேரம் முன்னதாக வந்து காத்திருக்காதீர்கள்" என்பதற்காக மட்டுமே. எத்தனை மணிக்கு இருட்டும் என்று அதில் இல்லை.

நுழைவுக்கு முன்பதிவு செய்யப்பட்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஏற்பட்ட விபத்தொன்றினால் வாகனங்கள் தேங்கி, குழு பிற்பகல் 1:20 அளவில்தான் வந்து சேர்ந்தது. பத்தொன்பது பேர். உணவு மேசைகளில் மாலுபணிஸும் கடலை வடையும் புளிச்சாதமும் பரிமாறப்பட்டன. வெப்பநிலை 7 பாகை அளவில் இருந்ததால் சாதம் ஆறிப்போயிருந்தது. மூதாட்டி இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, "பிறகு தேத்தண்ணியோட பணிஸ் சாப்பிடுறன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மினோடு கிளிக்கிளசைட்டும் எடுப்பவர். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைவது அரிது. கிளிக்கிளசைட் உணவு குறைந்தாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைப்பதால், அதை எடுத்துவிட்டுக் குறைவாக உண்டு நடப்பவருக்கு அந்த ஆபத்து உண்டு. இது அவருக்கும் அவருடைய மகளுக்கும் தெரியும், நடையை நடத்தியவர்களுக்குத் தெரியாது.

நீள்வீடுகளைப் பார்த்து, பலகைப் பாதையைச் சுற்றி முடித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு பேர் பார்வையாளர் மையத்தின் அருகில் தங்கிவிட, ஒழுங்கமைப்பாளரோடு சேர்த்து ஏழு பேர் பள்ளத்தாக்கைப் பார்க்கும் காட்சித்தளம் வரை போய்வரப் புறப்பட்டனர்: மூதாட்டி, பேத்தி, 52 வயதான அயல்வீட்டுப் பெண், ஐம்பது கடந்த ஒருவர், பல்கலைக்கழகத்தில் படிக்கும் சகோதரர் இருவர். புறப்பட்ட நேரம் 3:15. மூதாட்டி பலகைப் பாதையில் நன்றாக நடந்திருந்ததால் அவரும் வருவதை எவரும் மறுக்கவில்லை. அவருடைய கைப்பை, அதாவது சர்க்கரை பார்க்கும் கருவி இருந்த பை, உணவுச் சாமான்களோடு வாகனத்திலேயே கிடந்தது.

பிரிவு

காட்சித்தளத்தை 3:45க்கு அடைந்தார்கள். பள்ளத்தாக்கின் மறுகரைப் பாறைமுகம், அதில் தொற்றி நிற்கும் வெள்ளைச் சீடர் மரங்கள் என்று பார்க்கவும் படம் எடுக்கவும் நிறைய இருந்தது. இந்தப் பாறைத்தொடரில் உள்ள சீடர் மரங்களில் சில ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவை. வயதுக்கேற்பப் பருக்காமல், பாறைப் பிளவில் முறுக்கிக்கொண்டு நிற்கும். மூதாட்டிக்குக் குளிர் எடுத்தது. "நாங்கள் மெல்ல முன்னுக்குப் போறம், நீங்கள் வந்து பிடியுங்கோ" என்று அயல்வீட்டுப் பெண் சொல்ல, மூவரும் 3:55 அளவில் திரும்பினர். ஒழுங்கமைப்பாளர் தலையசைத்தார். கடைத்தொகுதியில் நாள்தோறும் நடப்பது இதுதான்.

அயல்வீட்டுப் பெண் என்னிடம் சொன்னதை இங்கே விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏனெனில் பின்னர் குழுவில் எழுந்த விமர்சனம் பெரும்பாலும் அவரைச் சுற்றியே அமைந்தது. வரும்போது மரங்களில் வெள்ளைப் பட்டை இருந்ததை அவர் கவனித்திருந்தார். திரும்பும்போதும் அதையே பார்த்து நடந்தால் போதும் என்று எண்ணினார். சிறிது தூரத்தில் பாதை கிளைத்தது. ஒரு மரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வெள்ளைப் பட்டைகள், மேல் பட்டை சற்று ஒருபுறம் விலகி. அப்படிப் பூசினால், பாதை இங்கே மேல் பட்டை விலகிய பக்கம் திரும்புகிறது என்பது புரூஸ் ட்ரெயிலில் நடப்பவர்கள் அறிந்த வழக்கம். அவர் அதை "இதுதான் முக்கியமான பாதை" என்று அழுத்திச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். பேத்திக்கு அந்த இரட்டைக் குறி வேடிக்கையாக இருந்ததால் படம் எடுத்தாள். படத்தில் நேரம் 4:04.

அவர்கள் திரும்பிய பக்கம் பாதை கீழே இறங்கியது. வரும்போது இப்படி ஏறிய நினைவு இல்லையே என்று மூதாட்டி கேட்டிருக்கிறார். ஆனால் இருபது முப்பது அடிக்கு ஒரு வெள்ளைக் குறி தவறாமல் வந்துகொண்டிருந்தது. குறி வரும்வரை வழி சரி என்றே மூவரும் நம்பினர். குறிகள் உண்மையில் எதையும் பிழையாகச் சொல்லவில்லை. அவர்கள் நன்கு பராமரிக்கப்பட்ட, தெளிவாகக் குறியிடப்பட்ட பாதையில்தான் நடந்தார்கள். அது அவர்களுடைய பாதையாக இருக்கவில்லை, அவ்வளவே. காட்டில் பாதையை விட்டு விலகியவர் சில நிமிடங்களிலேயே அதை உணர்ந்துவிடுவார். வேறொரு நல்ல பாதையில் நடப்பவருக்கு உணர்த்துவதற்கு ஒன்றுமே இல்லை.

மற்ற நால்வரும் 4:10க்குப் புறப்பட்டுப் பூங்காவின் சுற்றுப்பாதை வழியே 4:30க்கு மையத்தை அடைந்தார்கள். வழியில் மூவரைக் காணாதபோது, "எங்களுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருப்பினம்" என்று நினைத்தார்கள். மையத்தில் இருந்தவர்களோ, மூவரும் பின்னால் வருகிறார்கள் என்று நினைத்தார்கள். தேநீர் ஊற்றப்பட்டது. தலை எண்ணியது 4:45க்கு, வாகனங்களில் ஏறும்போதுதான்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் இரண்டு அழைப்புகள் இணையவில்லை. மூன்றாவது இணைந்தபோது மணி 4:50. தாங்கள் ஈரத்தரையில் பலகை போட்ட இடத்தைத் தாண்டியிருப்பதாகவும், குறிகள் தொடர்ந்து இருப்பதாகவும், தூரத்தில் வாகன இரைச்சல் கேட்பதால் இன்னும் சற்றுப் போனால் தெரு வந்துவிடும் என்றும் அயல்வீட்டுப் பெண் சொன்னார். ஒழுங்கமைப்பாளர் சொன்ன பதில் அன்றைய முடிவுகளில் மிக முக்கியமானது என்பது என் மதிப்பீடு: "தங்கச்சி, இனி ஓரடியும் எடுத்து வைக்காதேங்கோ. நிண்ட இடத்திலேயே நில்லுங்கோ."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதிருந்ததும், நகர நகர அது இன்னும் தெரியாமல் போகும் என்பதும்தான். தெரு உண்மையிலேயே அருகில் இருந்திருக்கலாம். ஆனால் இரைச்சல் பள்ளத்தாக்கில் எதிரொலித்து எத்திசையிலிருந்தும் வருவதுபோல் கேட்கும். ஈரமான இலைகள் மூடிய பாறைப் பிளவுகள் இந்தப் பாறைத்தொடரில் பல இடங்களில் உண்டு. கீழே பள்ளத்தாக்கில் ஒளி மேட்டைவிட முன்னதாகவே மங்கிவிடும்.

அடுத்து, சகோதரர் இருவரும் ஓடிப்போய்க் கூட்டி வருவதாகப் புறப்பட்டனர். இருவரிடமும் கைப்பேசி வெளிச்சத்தைத் தவிர விளக்கு இல்லை. மையத்தில் இருந்த பணியாளர் ஒருவரிடம் விடயத்தைச் சொன்னபோது, அவர் முதலில் செய்தது அவர்களைத் தடுத்ததுதான்: தேட வேண்டியவர்கள் மூவராக இருக்கட்டும், ஐவராக வேண்டாம். பின்னர் எத்தனை பேர், வயது, நோய், உடையின் நிறம், கடைசியாகப் பார்த்த இடம், கைப்பேசியில் எஞ்சியுள்ள மின்கலம் என்று வரிசையாகக் கேட்டார். மூதாட்டியின் மருந்து பற்றிய கேள்விக்கு அங்கே நின்ற எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்காபரோவில் இருந்த மகளை அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று.

அவசர உதவிக்கான 911ஐ அழைப்பதில் குழுவுக்குள் தயக்கம் இருந்தது, ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் அதில் போயின. இதை மறைக்காமல் எழுதும்படி செயற்குழுவே கேட்டுக்கொண்டது. இரண்டு பேர், அம்புலன்ஸ் வந்தால் பெரிய தொகை கட்ட வேண்டி வரும் என்றார்கள். ஒருவர், வெளியே தெரிந்தால் அடுத்த முறை குழுவுக்கு ஆட்கள் வரமாட்டார்கள் என்றார். முதலாவது அச்சத்துக்கு நேரான பதில் உண்டு. ஒன்ராறியோவில் ஆளைக் காணவில்லை என்று தேடுவதற்குக் காவல்துறை கட்டணம் கேட்பதில்லை. மாகாணச் சுகாதார அட்டை உள்ளவரை அம்புலன்ஸ் மருத்துவத் தேவையின்பேரில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால் நோயாளியின் பங்கு 45 டொலர். தேவையில்லை என்று மருத்துவர் கருதினால் 240 டொலர். மூதாட்டியின் உயிரோடு ஒப்பிட இது ஒரு தொகையே அன்று. இரண்டாவது அச்சத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அது நம்மவர்கள் பல இடங்களில் சுமந்து திரியும் ஒன்று.

இறுதியில் பணியாளர் சொன்ன ஒரு குறிப்பு நேரத்தை மிச்சப்படுத்தியது. 911ஐ அழைக்க வேண்டியவர் மையத்தில் நிற்பவர் அல்லர், தொலைந்து நிற்பவரே. அவருடைய கைப்பேசியிலிருந்து அழைப்புப் போனால்தான் அந்தக் கைப்பேசியின் இருப்பிடம் அழைப்பை ஏற்பவரின் திரையில் வரும். அயல்வீட்டுப் பெண் 4:58க்கு அழைத்தார். ஆங்கிலத்தில் விளக்குவதற்குத் தடுமாறியபோது பேத்தி கைப்பேசியை வாங்கிப் பேசினாள். அங்கேயே நிற்கும்படியும், வேறு எவருடைய அழைப்பையும் எடுத்து மின்கலத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. அப்போது அதில் 23 வீதம் இருந்தது. சிம் அட்டை இல்லாத பேத்தியின் கைப்பேசியை வெளிச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது என்றும், ஆள் குரல் கேட்ட பின்னரே அதைப் போடுவது என்றும் இருவரும் முடிவு செய்தனர். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எடுத்த நல்ல முடிவு.

காத்திருந்த நேரம்

சூரியன் மறைந்து சில நிமிடங்களில், 5:10 அளவில், மூதாட்டி எழுந்து நடக்க முற்பட்டார். பேத்தி மறித்தபோது, "ஏன் என்னை மறிக்கிறாய், எனக்கு வழி தெரியும்" என்று அதட்டியிருக்கிறார். அவர் அப்படிப் பேசுபவர் அல்லர். அயல்வீட்டுப் பெண் அதைப் பயத்தின் கோபம் என்று எண்ணினார். பேத்தி கையைப் பிடித்துப் பார்த்தாள்: விரல்கள் நடுங்கின, அந்தக் குளிரிலும் உள்ளங்கையும் நெற்றியும் வியர்த்திருந்தன. "அம்மம்மாவுக்குச் சுகர் இறங்கீட்டுது மாமி" என்றாள். அவளுடைய தாய் வீட்டில் சொல்லிவைத்திருந்த அறிகுறிகள் அவை.

பார்க்கக் கருவி இல்லை. கருவி இல்லாத இடத்தில் அறிகுறியை நம்பிச் சர்க்கரை கொடுப்பதே முறை. சர்க்கரை குறைந்திருக்கவில்லை என்றால் ஒரு முறை கொடுத்த இனிப்பால் தீங்கு நேராது. குறைந்திருந்து கொடுக்காமல் விட்டால் நேரும். பேத்தியின் முதுகுப்பையில் ஒரு பழச்சாற்றுப் பெட்டி இருந்தது. மூதாட்டியின் மேலங்கிப் பையில், தேத்தண்ணியோடு கடிப்பதற்காகக் கடதாசியில் சுற்றி வைத்திருந்த பனங்கட்டித் துண்டுகள் மூன்று இருந்தன. முதலில் சாறு, பின்னர் பனங்கட்டி. விழுங்கக்கூடியவராக, நினைவோடு இருந்ததால் வாய்வழியாகக் கொடுப்பது பாதுகாப்பாக இருந்தது. மயங்கியவருக்கு அப்படிக் கொடுக்கக் கூடாது. கனடாவில் பரிந்துரைக்கப்படும் அளவு 15 கிராம் விரைவில் கரையும் சர்க்கரை, பின்னர் 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பார்ப்பது. சாற்றுப் பெட்டியே ஏறத்தாழ அந்த அளவைத் தந்திருக்கும். கால்மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. தான் அதட்டியது மூதாட்டிக்கு நினைவில் இல்லை.

தரையின் ஈரம் உடையில் ஏறாதிருக்க முதுகுப்பையைக் கீழே போட்டு அதன்மேல் மூதாட்டியை இருத்தி, மற்ற இருவரும் இருபுறமும் நெருங்கி உட்கார்ந்திருந்தனர். அவர் பருத்திச் சுரிதார் அணிந்திருந்தார். நனைந்த பருத்தி உடற்சூட்டை விரைவாக இழக்கச் செய்யும் என்பதால் இதுவும் உதவியது. மீட்புப் பணியாளர்கள் 5:55க்கு அவர்களை அடைந்து, தலைவிளக்குகளுடன் மெல்ல ஏற்றி 6:35க்கு வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்தனர். அங்கே அம்புலன்ஸ் பணியாளர் பார்த்தபோது சர்க்கரை லீற்றருக்கு 5.8 மில்லிமோல், இயல்பான அளவு. மருத்துவமனைக்குப் போக மூதாட்டி மறுத்துவிட்டார். ஏற்றிச் செல்லப்படாததால் கட்டணமும் வரவில்லை.

தொடர்ந்தவை

மறுநாள் குளிக்கும்போது அயல்வீட்டுப் பெண் தன் முழங்காலின் பின்புறம் உண்ணி ஒன்று கடித்து ஒட்டியிருப்பதைக் கண்டார். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி, வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருக்கும் எந்த நாளிலும் இயங்கக்கூடியது. குளிர் தொடங்கிவிட்டதால் உண்ணி இருக்காது என்ற எண்ணம் குழுவில் எல்லோரிடமும் இருந்தது. அவர் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, மருந்துக் கடைக்குக் கொண்டுபோனார். ஒன்ராறியோவில் 2023 முதல், உண்ணி கடித்தவருக்குத் தடுப்பாக ஒரு வேளை டொக்சிசைக்கிளின் எழுதிக்கொடுக்க மருந்தாளருக்கே அதிகாரம் உண்டு. ஒட்டியிருந்த நேரம் 24 மணிக்குக் குறைவு என்பதால் அவருக்கு அது தேவைப்படவில்லை. தோலில் சிவப்பு பரவுகிறதா, காய்ச்சல் வருகிறதா என்று ஒரு மாதம் கவனிக்கும்படி மட்டும் சொல்லப்பட்டது. ஒன்றும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் குழு கூடியது. அயல்வீட்டுப் பெண்ணைக் குறைகூறிய பேச்சுகள் அங்கே வந்தன, நியாயமற்றவை. அவர் பின்பற்றிய குறி, வரும்போது ஒழுங்கமைப்பாளர் உட்பட ஏழு பேரும் கடந்துவந்த அதே குறி. அதன் பொருளை அவருக்கு எவரும் சொல்லவில்லை. இனிப் பலகைப் பாதையும் கடைத்தொகுதியும் போதும் என்று சிலர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. முதியவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போவதில் இங்கே பிழை நேரவில்லை. வழியில் பிழை நேரவே முடியாத ஒரு வட்டத்தில் நடந்துவிட்டு, அதே மனநிலையோடு, அதே செருப்போடு, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளும் ஒரு கோட்டில் காலை வைத்ததில்தான் நேர்ந்தது.

மாற்றப்பட்டவை

மிகப் பெரிய மாற்றம் மிக எளிமையானது: கடைசி ஆள் ஒருவர் நியமிக்கப்படுகிறார், அவருக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. முன்னே போக விரும்புவோர் போகலாம். ஆனால் கிளைப்பாதை வரும் ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆள் வரும்வரை நிற்க வேண்டும். இது நடையின் வேகத்தை வெகுவாகக் குறைக்கிறது, இளையவர்களுக்குச் சலிப்பூட்டுகிறது. இதற்கு மாற்று ஒன்றை எவராலும் சொல்ல முடியவில்லை.

திரும்பும் நேரம் இப்போது சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணிக்கப்படுகிறது. மறைவுக்கு ஒன்றரை மணிநேரம் முன்னதாக, எங்கே நின்றாலும், எவ்வளவு அருகில் காட்சித்தளம் இருந்தாலும் திரும்ப வேண்டும். அந்த விதி அன்று இருந்திருந்தால் 3:35க்குத் திரும்பியிருப்பார்கள், காட்சித்தளத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நுழைவாயில் வரைபடத்தை ஒவ்வொருவரும் கைப்பேசியில் படமெடுக்கின்றனர். அன்றைய பாதையின் குறி என்ன நிறம், எந்த நிறக் குறி நம்முடையது அன்று என்று தமிழில் சொல்லப்படுகிறது. இரண்டாவதைச் சொல்வதே கூடுதல் பயன் தருகிறது என்பது வசந்தகால நடைகளில் தெரிந்தது. மருந்து எடுப்பவர்கள் அதன் பெயரை எழுதிய சீட்டை மேலங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். பையை வாகனத்தில் விட்டுவிட்டு வரலாம், மேலங்கியை விட்டுவிட்டு எவரும் வருவதில்லை. பனங்கட்டிக்குப் பதிலாகக் குளுக்கோஸ் வில்லை வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். வாங்கினார்கள், ஆனால் மூதாட்டி இன்னும் பனங்கட்டியும் கொண்டுவருகிறார்.

வயது கலந்த ஒரே குழுவாகப் போவதா, வேகத்தைப் பொறுத்து இரண்டாகப் பிரிந்து போவதா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. பிரிந்து போனால் தலை எண்ணுவது எளிது, இளையவர்களும் நிம்மதியாக நடப்பார்கள். ஆனால் அன்று மூதாட்டியின் நடுக்கத்தை அடையாளம் கண்டதும் தொலைபேசியில் பேசியதும் 11 வயதுப் பிள்ளை. வேகத்தின்படி பிரித்திருந்தால் அவள் வேறு குழுவில் இருந்திருப்பாள். இதைச் சுட்டிக்காட்டுவோருக்கு, அன்று அவள் அங்கே இருந்தது தற்செயல், தற்செயலை நம்பி விதி வகுக்க முடியாது என்று மறுதரப்பு பதில் சொல்கிறது. செயற்குழு அடுத்த இலையுதிர்கால நடைக்கு முன் இதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.